சென்னைத் துணி சென்ற நாடு: நைஜீரியா



மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜர் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், கலபாரி என்னும் மக்கள் வாழ்கின்றனர். மீன்பிடித்தலும் வாணிகமும் அவர்தம் பழந்தொழில்கள். குழந்தை பிறந்தாலும், பெண் மங்கலக் கோலம் பூண்டாலும், முதியோர் ஒருவர் மறைந்தாலும், அவர்கள் தம் பேழையைத் திறந்து ஒருவகைத் துணியை வெளியே எடுப்பர். சிவப்பும் நீலமும் கட்டங்கட்டமாக ஓடும் பருத்தித் துணி அது. பாட்டி வைத்துச் சென்றதைப் பேத்தி உடுத்துவாள். இறந்தவரைக் கிடத்தும் அறையின் சுவரையும் கட்டிலையும் அத்துணிகளால் அணிசெய்வர். ‘இஞ்சிரி’ என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர்.

வாணிக உலகில் அதன் பெயர் வேறு. ‘அசல் மதராஸ் கைக்குட்டை’ என்று ஏற்றுமதிப் பொதிகளில் அதனைக் குறித்தனர். கைக்குட்டை அளவாக வெட்டிக்கொள்ளும்படி சதுரம் சதுரமாக நெய்த நீண்ட துண்டாதலின் அப்பெயர் வந்தது. பழவேற்காடு, சென்னை, சீராலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கைத்தறிகளில் நெய்யப்பட்டு, கப்பலேறி, இலண்டன் வழியாக அது அக்கழிமுகத்தை அடைந்தது. கலபாரியருக்கு அண்டையில் வாழும் இக்போ மக்கள், இந்தியாவிலிருந்து வரும் மங்கலச் சேலைத் துணிகளை ‘ஜார்ஜ்’ என்பர். சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைப் பெயரே அங்ஙனம் ஆயிற்று என்று சொல்வதுண்டு.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு நைஜீரியர் முற்றிலும் அறியாதவர் அல்லர். மும்பையில் ஆயத்த ஆடைகளை மொத்தமாக வாங்கித் தம் நாட்டுக்கு அனுப்பும் நைஜீரிய வணிகரை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். ஆயினும் அவர்களுடைய நாடு எத்தகையது, அவர்கள் எவ்வரலாற்றின் வழிவந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அதனை இன்று சுருக்கமாகக் காண்போம். காணுங்கால், அந்நாட்டாரை வருத்தும் பெருங்கேள்வி ஒன்று நமக்கும் அயலானதன்று என்பது விளங்கும்.

முதலில் நாட்டின் கிடக்கையைப் பார்ப்போம். நைஜீரியாவின் பரப்பு 9,23,768 சதுர கிலோமீட்டர்; மகாராட்டிரத்தைப் போல் மும்மடங்கு. வட அகலக்கோடு 4 பாகையிலிருந்து 14 பாகை வரை அது பரந்துள்ளது. புதுச்சேரியிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அரபிக்கடலையும் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியையும் கடந்து, அது நைஜீரியாவின் வடபெருநகரமாகிய கானோவின் அருகே செல்லும். தலைநகர் அபுஜா ஏறக்குறையக் கோவில்பட்டியின் நேரே உள்ளது. ஆதலின் அந்நாட்டு வெயில் நமக்குப் பழகிய வெயிலே.

நாட்டுக்குப் பெயர் தந்தது நைஜர் ஆறு. நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில், அரபிக்கடலுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் தோன்றும் கோதாவரி, அருகிலுள்ள கடலை விட்டுவிட்டுத் தக்காணம் முழுதும் நடந்து வங்கக்கடலைச் சேர்வதை நாம் அறிவோம். நைஜரின் போக்கும் அத்தகையதே. அட்லாண்டிக் கடலுக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில், கினி நாட்டு மலையில் அது பிறக்கின்றது. பின்னர்க் கடலுக்குப் புறங்காட்டி வடகிழக்கே பாலை நோக்கிச் சென்று, மாலி நாட்டில் வில்போல் வளைந்து, தென்கிழக்கே திரும்பி, 4,180 கிலோமீட்டர் நடந்தபின் நைஜீரியாவில் கடலைக் காண்கின்றது. லோக்கோஜா என்னும் இடத்தில் கிழக்கிலிருந்து வரும் பெனுவே ஆறு அதனுடன் கூடுகின்றது. இரண்டு ஆறுகளும் கவைக்கோல் போன்ற வடிவில் நாட்டை மூன்றாகப் பகுக்கின்றன. அம்மூன்று பகுதிகளையும் நினைவிற் கொள்க. நைஜீரிய வரலாறு பெரும்பாலும் அம்மூன்றின் வரலாறே.

தெற்கே கடலோரம் பிச்சாவரத்தைப் பன்மடங்கு பெருக்கினாற்போன்ற அலையாத்திக் காடுகள் உள்ளன. அவற்றின் வடக்கே மழைக்காடும் எண்ணெய்ப்பனையும், அதற்கப்பால் புல்வெளியும், வட எல்லையில் சகாராவின் வாயிலாகிய வறள்நிலமும் அமைந்துள்ளன. குளிர்மாதங்களில் பாலையிலிருந்து ‘ஹர்மட்டான்’ என்னும் வறண்ட காற்று புழுதியைச் சுமந்து வீசும். வடக்கே சோளம், கம்பு, நிலக்கடலை. தெற்கே கொக்கோ, பெருவள்ளிக் கிழங்கு, மரவள்ளி. மரவள்ளி விளைவில் உலகில் முதலிடம் நைஜீரியாவுக்கே. சேலத்தார் அதிலிருந்து சவ்வரிசி எடுப்பர். நைஜீரியர் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்துப் பிழிந்து வறுத்துக் ‘காரி’ என்னும் மாவாக்குவர். ஏழை எளியோரின் அன்றாட உணவு அது.

மக்கள்தொகை 22 கோடிக்கு மேற்பட்டது என்பது மதிப்பீடு. ஆப்பிரிக்காவில் மிகுந்த மக்களைக் கொண்ட நாடு அதுவே. வழங்கும் மொழிகள் 500-க்கும் அதிகம். அவற்றுள் மூன்று பெருமொழிகள், ஆறுகள் வகுத்த மூன்று பகுதிகளுக்கும் உரியனவாக நிற்கின்றன. வடக்கே ஹௌசா, தென்மேற்கே யோருபா, தென்கிழக்கே இக்போ. வடக்கே இசுலாமும், தென்கிழக்கே கிறித்தவமும் மேலோங்கியுள்ளன. யோருபா நாட்டில் ஒரே குடும்பத்தில் இரு சமயத்தாரும் இருத்தல் இயல்பு. ஆட்சிமொழி ஆங்கிலம். ஆனால் சந்தையிலும் பேருந்திலும் வழங்குவது பலமொழிச் சொற்களும் கலந்த ‘பிஜின்’ என்னும் கலவை ஆங்கிலம். மும்பை வீதிகளில் மராட்டியரும் குஜராத்தியரும் தமிழரும் கூடி வளர்த்த இந்தியைப் பேசுவோர்க்கு அதன் பயன் எளிதில் விளங்கும்.

இம்மக்களின் பழக்கங்கள் சிலவற்றைக் கேட்டால் நம் ஊர் நினைவுக்கு வரும். இக்போ வீட்டுக்கு விருந்தினர் வந்தால், முதலில் தட்டில் வைப்பது கோலாக்கொட்டை. மூத்தவர் அதை ஏந்தி வாழ்த்துக் கூறி, உடைத்து, அனைவர்க்கும் பகிர்ந்தபின்பே பேச்சுத் தொடங்கும். வெற்றிலை பாக்குத் தட்டுக்கு நம்மிடம் உள்ள மதிப்பு அங்குக் கோலாவுக்கு உண்டு. யோருபா மக்கள் உடுக்கை போல் இடை சுருங்கிய முழவு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கி வாசிப்பர். அவர்கள் மொழியில் ஒரு சொல்லின் பொருள் அதன் ஏற்ற இறக்கத்தால் மாறுவது. கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அவ்வேற்ற இறக்கத்தை முழவில் எழுப்பி, வருவோரின் பெயரையும் குலப் புகழையும் பறையாலேயே பேசுவர். ஹௌசா மக்களோ, 1950-களிலிருந்தே நம் மும்பைத் திரைப்படங்களுக்கு அன்பர்கள். 1957-இல் வெளிவந்த ‘மதர் இந்தியா’ கானோ நகரத் திரையரங்குகளில் ஆண்டாண்டாகக் காட்டப்பட்டது. இந்தி அறியாத பாணர் அம்மெட்டுக்களில் ஹௌசாச் சொற்களை அமைத்துப் பாடினர்.

இனி வரலாறு. 1928-இல் நோக் என்னும் சிற்றூர்ப் பக்கம் வெள்ளீயச் சுரங்கம் தோண்டியபோது சுடுமண் சிலைகள் கிடைத்தன. கி.மு. முதல் ஆயிரத்தாண்டிலேயே அங்கு வாழ்ந்தோர் மண்ணில் மனித முகத்தை வடிக்கவும் இரும்பை உருக்கவும் அறிந்திருந்தனர் என்பது பின்னர்ப் புலப்பட்டது. யோருபா மக்களின் மூலநகராகிய ஈஃபேயில் உலோகத்தால் வார்த்த அரசத் தலைகள் கிடைத்துள்ளன. அதன் கிழக்கே பெனின் அரசர்கள் தம் அரண்மனைத் தூண்களைப் பித்தளைப் புடைப்புத் தகடுகளால் போர்த்தினர். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையாலேயே அவை வார்க்கப்பட்டன. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உருவானதும், இன்றும் சுவாமிமலைச் சிற்பிகள் கையாள்வதும் இம்முறையே.

1897-இல் ஆங்கிலப் படை பெனின் நகரை எரித்து, ஆயிரக்கணக்கான கலைப்பொருள்களைக் கவர்ந்து சென்றது. அவை இலண்டனிலும் பெர்லினிலும் காட்சிப்பொருள் ஆயின. பத்தூர் நடராசர் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991-இல் தாயகம் திரும்பியதை நாம் அறிவோம். பெனினுக்கும் அத்தகைய நாள் வந்தது. 2022-இன் இறுதியில் செருமனி 20 பொருள்களை நைஜீரியாவிடம் நேரில் ஒப்படைத்தது. இன்னும் பல திரும்பவில்லை.

சென்னைத் துணிக்கு இவ்வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கி அமெரிக்கத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்ற காலத்தில், அவர்கள் விலையாகக் கொடுத்த பண்டங்களுள் சிறந்து நின்றது இந்தியப் பருத்தித் துணி. சோழமண்டலக் கரையில் தறியில் அமர்ந்த நெசவாளி தன் துணி எவ்வாறு செலவாகும் என்பதை அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அவன் நெய்த கட்டங்கள் பலருடைய விடுதலைக்கு விலையாயின. ஆங்கில அரசு தன் மக்கள் அவ்வாணிகம் செய்வதை 1807-இல் தடுத்தது. அதன் பின்னும் துணி சென்றுகொண்டிருந்தது. எண்ணெய்ப்பனையின் எண்ணெய் அதற்கு மாற்றுப் பண்டமாயிற்று.

1861-இல் ஆங்கிலேயர் லாகோஸ் துறைமுகத்தைத் தமதாக்கினர். வடக்கே 1804-இல் உஸ்மான் டான் ஃபோடியோ என்னும் சமய அறிஞர் தொடங்கிய கிளர்ச்சியால் எழுந்த சொகோட்டோ அரசு 1903-இல் அவர்கள் கைக்கு வீழ்ந்தது. மொழியாலும் சமயத்தாலும் ஆட்சிமுறையாலும் வேறுபட்ட வடக்கையும் தெற்கையும் 1914, சனவரி முதல் நாள் ஒரே நாடாகக் கட்டியவர் லுகார்டு என்னும் ஆளுநர். இவர் 1858-இல் பிறந்த ஊர் சென்னை! ‘நைஜீரியா’ என்னும் பெயரை 1897-இல் இலண்டன் செய்தித்தாள் ஒன்றில் எழுதி வழக்கில் விட்டவர் ஃபுளோரா ஷா. பின்னாளில் லுகார்டை மணந்தவர். இணைக்கப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை.

நாடு ஒன்றாவதற்கு முன்பே இருப்புப்பாதை வந்துவிட்டது. லாகோசிலிருந்து கானோ வரை இரயில் ஓடத் தொடங்கியபின், தெற்கத்தியர் வேலை தேடி வடக்கே சென்றனர். எழுதப் படிக்கக் கற்ற இக்போ இளைஞர் இரயில்வேயிலும் அஞ்சலகத்திலும் எழுத்தராயினர். சிலர் கடை வைத்தனர், சிலர் பட்டறை அமைத்தனர். அவர்கள் கானோவின் பழைய மதிலுக்குள் குடியேற இடமில்லை. மதிலுக்கு வெளியே அவர்களுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதன் பெயர் ‘சபோன் காரி’. ஹௌசா மொழியில் அதற்குப் ‘புதூர்’ என்று பொருள். அங்கு அவர்கள் தம் ஊர்ச் சங்கங்களை அமைத்தனர்; பள்ளியும் கோயிலும் எழுப்பினர்; பிறந்த ஊருக்குப் பணம் அனுப்பினர்; பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பழக்கினர். நேயர்களே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல்பட்டறைகளுக்கு வந்தோரும், மாதுங்காவில் தங்கி அலுவலகங்களில் தட்டச்சராய் அமர்ந்தோரும், அவர்தம் வழித்தோன்றல்களும் இக்கதையில் தம்மையே காணலாம்.

1960, மே முதல் நாள் மகாராட்டிர மாநிலம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நைஜீரியா விடுதலை பெற்றது. புதிய நாட்டில் அதிகாரத்தை மூன்று பகுதிகளும் எவ்வாறு பகிர்வது என்பதில் ஐயமும் அச்சமும் வளர்ந்தன. 1966 சனவரியில் இராணுவத்தினர் சிலர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றனர். வடபுலத் தலைவர்கள் கொல்லப்பட்டனர். கிளர்ந்தோருள் இக்போ அதிகாரிகள் மிகுதியாக இருந்ததால், பழி அம்மக்கள் அனைவர் மீதும் விழுந்தது. அவ்வாண்டிலேயே வடநகரங்களின் புதூர்களில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். தையல் இயந்திரத்தையும் கணக்குப் புத்தகத்தையும் விட்டுவிட்டு, உயிர் தப்பியோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர், தாம் பிறக்காத ‘சொந்த ஊருக்கு’ இரயில் ஏறினர். அவர்களிற் பலர் வடக்கே பிறந்தவர். ஹௌசா மொழியில் விளையாடி வளர்ந்தவர்.

1967, மே 30-இல் கிழக்குப் பகுதி ‘பயாஃப்ரா’ என்னும் தனிநாடாகத் தன்னை அறிவித்தது. இரண்டரை ஆண்டுப் போர் மூண்டது. முற்றுகையாற் பஞ்சம் வந்தது. போரினும் பசி கொன்றோர் மிகுதி. இறந்தோர் பத்து இலட்சத்துக்குக் குறையார் என்பர். 1970 சனவரியில் பயாஃப்ரா சரணடைந்தது. இப்போரின் துயரைச் சிமமாண்டா அடிச்சி என்னும் இக்போ எழுத்தாளர் 2006-இல் புதினமாக எழுதினார். போரைத் தடுக்க முயன்றமைக்காகச் சிறையில் அடைக்கப்பட்ட யோருபா எழுத்தாளர் வோலே சொயின்கா, 1986-இல் இலக்கிய நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசை ஆப்பிரிக்கர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை.

போர் முடிந்தபின் நிகழ்ந்தவை இரண்டு கவனிக்கத்தக்கவை. இக்போ மக்கள் மீண்டும் கானோவுக்குத் திரும்பினர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளை அந்நகர ஆட்சியினர் காத்துவைத்திருந்தனர். இடைக்காலத்தில் வாங்கிய வாடகையையும் சேர்த்து உரியவரிடம் கொடுத்தனர். மாறாக, தென்கரையிலுள்ள போர்ட் ஹார்கோர்ட் நகரில், இக்போ வீடுகள் ‘கைவிடப்பட்ட சொத்து’ எனப்பட்டுப் பிறர்க்குப் போயின. அந்நகரம் அவர்களுடைய ஊருக்கு மிக அருகிலிருப்பது. பலர் தம் பொருளெல்லாம் கொட்டி வீடு கட்டிய இடம். கொலை நிகழ்ந்த தொலைவூரில் வீடு திரும்பக் கிடைத்தது. அண்டை ஊரிலோ கிடைக்கவில்லை. அயலார் யார், அண்டையார் யார் என்பதைத் தொலைவு மட்டும் உறுதி செய்வதில்லை.

அதன்பின் நைஜீரியர் தம் கூட்டரசைத் திருத்தி அமைக்க முயன்றனர். போருக்குச் சற்று முன் 12 மாநிலங்களாகப் பகுக்கப்பட்ட நாடு இன்று 36 மாநிலங்களைக் கொண்டது. எந்தப் பெருமொழிக்கும் தனியுரிமையாகாத நடுநாட்டில் அபுஜா என்னும் புதிய நகரை எழுப்பி, 1991-இல் லாகோசிலிருந்து தலைநகரை மாற்றினர். 1973-இல் தேசிய இளைஞர் தொண்டுப் படை அமைந்தது. பட்டம் பெற்ற ஒவ்வோர் இளைஞரும் தாம் பிறவாத வேறொரு மாநிலத்தில் ஓராண்டு பணி செய்யவேண்டும் என்பது அதன் விதி. அங்ஙனம் சென்றவிடத்தில் மணம் புரிந்து தங்கிவிட்டோரும் உண்டு.

எனினும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. ‘இம்மண்ணின் மைந்தர்’ என்னும் சான்றிதழை உள்ளூராட்சி வழங்குகின்றது. அது இருந்தாற்றான் மாநில அரசுப் பணியும் கல்லூரி இடமும் எளிதில் கிட்டும். முப்பாட்டன் காலத்தில் குடியேறியவர் வழியில் வந்தவர்க்கும் அது மறுக்கப்படலாம். பிளாட்டோ மாநிலத்தின் ஜோஸ் நகரில் ‘மைந்தர்’, ‘வந்தேறிகள்’ என்னும் பிரிவினால் 2001 முதல் பன்முறை குருதி சிந்தியது. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியையும், கடைப் பெயர்ப்பலகைகளை இறக்கி வைத்த நாட்களையும் நினைவில் கொண்ட மூத்தோர் நம்மிடையே உள்ளனர். இந்திய அரசியலமைப்பு, நாட்டின் எப்பகுதியிலும் வாழவும் தொழில் செய்யவும் குடிமகனுக்கு உரிமை அளித்துள்ளது. அவ்வுரிமையின் விலை என்ன என்பதை நைஜீரிய வரலாற்றைப் படிப்போர் உணர்வர்.

செல்வத்தாலும் அக்கேள்வி தீரவில்லை. 1956-இல் கழிமுகத்தின் ஒலோய்பிரி என்னும் ஊரில் கன்னெய் கிடைத்தது. 1970-களில் பணம் பெருகியபோது, அந்நாடு திறந்த பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர் பலர், தமிழர் உட்பட, சென்று கற்பித்தனர். ஆனால் எண்ணெய் கசிந்து மீன்வளம் அழிந்த கழிமுக மக்களுக்குக் கிடைத்தது சிறிதே. அவர்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சாரோ-விவா 1995-இல் இராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார்.

அக்கழிமுகத்தில்தான் நாம் முதலிற் கண்ட கலபாரியர் வாழ்கின்றனர். அவர்கள் சென்னைத் துணியை வாங்கி அவ்வண்ணமே உடுத்துவதோடு நில்லார். கலபாரிப் பெண்டிர் கூரிய சிறு கத்தியை எடுத்து, கட்டத்திலுள்ள நூல்களுள் சிலவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றாக அறுத்து உருவிவிடுவர். மாதக்கணக்கில் நீளும் வேலை அது. முடிந்தபின் துணி மெல்லிதாகி வலைபோல் ஒளி விடும். பழைய கட்டங்களுக்கிடையே புதிய உருவங்கள் தோன்றும். ‘பெலெட்டே பிட்டே’, அதாவது அறுத்த துணி, என்று அதனைப் போற்றுவர். உலகின் வேறெவ்விடத்தும் அத்துணி இல்லை. அது சென்னையில் நெய்தது என்பதையும் அவர்கள் மறுப்பதில்லை. கலபாரியின் துணி என்பதிலும் அவர்களுக்கு ஐயமில்லை.